நூற்று ஐம்பத்திரண்டாம் இடம்

ஜூன் 12, 2023, திங்கள்

லேபுக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். பெயர் முத்துச்செல்வி, வயது முப்பத்தெட்டு. முனைவர் பட்டம் வாங்கியதும் கல்யாணம், குழந்தை என்று ஒன்பது வருடம் வீட்டில் இருந்தவர். ஆராய்ச்சியை விட்டுவிட்ட பெண்களைத் திரும்பக் கூப்பிடும் திட்டம் ஒன்றில் செப்டம்பர் முடியும் வரை வேலை கிடைத்திருக்கிறது. சிதம்பரநாதன் சாருக்குத் திருப்தி என்றால் மூன்று வருடத்துக்கு நீட்டிப்பார்கள். விருதுநகரிலிருந்து தினமும் ரயிலில் மதுரைக்கு வருவாராம்.

என் மேசைக்குப் பக்கத்து மேசையை அவருக்குக் கொடுத்தார் சார். "மலர், உன் வேலைய இவங்களுக்குச் சொல்லு" என்றார்.

சொன்னேன். சாக்கடை மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா ஸ்டீராய்டைத் தின்று பிழைக்கிறது. அதற்கு உதவும் ஒரு நொதி, ஸ்டீராய்டிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. இருநூற்று ஐம்பது சொச்சம் அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிதான் அந்த நொதி. அவற்றில் மூன்று மட்டும்தான் முக்கிய வேலையாட்கள் என்று எல்லோரும் நம்புகிறார்கள்: ஒரு செரின், ஒரு டைரோசின், ஒரு லைசின். 152ஆம் இடத்தில் இருக்கும் டைரோசினை எடுத்துவிட்டு பினைல்அலனினை வைத்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே அச்சு. டைரோசினின் நுனியில் இருக்கும் ஓர் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் பினைல்அலனினில் இல்லை, அவ்வளவுதான். அந்த நுனி போனால் நொதி செத்துவிட வேண்டும். ஆனால் என் கையில் அறுபது சதவீத வேகத்தோடு ஓடியது.

"அப்படியா?" என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார் அக்கா. "அறுபதா? ரொம்ப ஜாஸ்தியா இருக்கே."

"அதான் சார் பேப்பரா அனுப்பிட்டாங்க அக்கா."

ஜூன் 27, செவ்வாய்

பிரிட்ஜ் சுத்தம் செய்யும் முறை இந்த வாரம் என்னுடையது. ஐஸை உடைத்ததில் விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. ஹாஸ்டலில் தண்ணீர் இல்லை.

ஜூலை 6, வியாழன்

ஆராய்ச்சி இதழில் பேப்பர் ஏற்கப்பட்டது!! முதல் பெயர் ஜெபமலர், கடைசிப் பெயர் சார். வீட்டுக்கு, நாசரேத்துக்குப் போன் போட்டேன். அப்பா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய் அழுதாராம்.

அக்கா சாத்தூர் சேவு வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார். அவர் இனி செய்ய வேண்டியது, டைரோசினை மாற்றிய நொதியில் லைசினையும் சேர்த்து மாற்றுவது. மாற்றிய டிஎன்ஏ இருக்கும் என் டியூபையே எடுத்துக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம். முதல்லேருந்து அவங்களே செய்யட்டும். கை பழகணும்" என்றார் சார்.

ஜூலை 19, புதன்

டைரோசின் மாற்றம் செய்த நொதியை அக்கா சுத்தம் செய்து இன்று ஓட்டிப் பார்த்தார். கருவியின் திரையில் கோடு அசையவே இல்லை. ஸ்டீராய்டை இரண்டு மடங்கு ஊற்றியும் அசையவில்லை. நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"மலரு, உன் டியூப சீக்வென்ஸ் பாத்தீல்ல?" என்றார். டியூபில் இருக்கும் டிஎன்ஏவை எழுத்தெழுத்தாகப் படித்து, மாற்றம் உண்மையிலேயே நடந்ததா என்று சரிபார்ப்பதைத்தான் கேட்டார்.

"பாத்தேன் அக்கா."

"அப்ப என் கைதான் போல" என்று சொல்லிவிட்டுப் பாத்திரங்களைக் கழுவப் போனார்.

ஜூலை 20, வியாழன்

நேற்று நான் சொன்னது முழுப் பொய் இல்லை. மார்ச் மாதம் ஆறு டியூப்களைச் சீக்வென்ஸுக்கு அனுப்பினோம். அவற்றில் இது இருந்ததா என்று நிச்சயமாக ஞாபகம் இல்லை. இருந்திருக்கும். பேப்பரிலேயே 'எல்லா மாற்றங்களும் சரிபார்க்கப்பட்டன' என்று எழுதியிருக்கிறேனே.

மதியம் மெஸ்ஸில் லெமன் சாதம். தலைவலி.

ஆகஸ்ட் 3, வியாழன்

அக்காவுக்கு மூன்றாவது முறையும் பூஜ்யம்தான். வாராந்திரக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சார் கேட்டார்: "ஏம்மா, புரோட்டீன ஐஸ்லதான வைக்கிறீங்க?"

"ஆமா சார்."

"பஃபர் கரைசல் புதுசாப் போட்டீங்களா?"

"ஒவ்வொரு தடவையும் புதுசுதான் சார்."

"அப்புறம் எப்படிச் சாகுது? இந்தப் பொண்ணு மலர் போன வருஷம் வரைக்கும் பைப்பட்டே சரியாப் பிடிக்காது. அதுக்கே வந்திருச்சே."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அக்காவும் சிரித்தார்.

சாயங்காலம் அக்காவோடு ஸ்டேஷன் வரைக்கும் போனேன். உப்பின் அளவு, வெப்பநிலை என்று எது தவறாகப் போயிருக்கலாம் என யோசித்து யோசித்துச் சொல்லிக்கொண்டே நடந்தேன். அவரும் எல்லாவற்றையும் அக்கறையாகக் குறித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 21, திங்கள்

வேறு ஏதோ டியூப்கள் சீக்வென்ஸுக்குப் போயின. என் டியூபையும் அவற்றோடு சேர்த்து, அதற்கான கட்டணத்தை நானே கட்டி அனுப்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. சும்மா ஓர் உறுதிக்காகத்தான்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

போர்வைகளைத் துவைத்துப் போட்டேன். மழை வந்து அத்தனையும் நனைந்துவிட்டது. சீக்வென்ஸ் மின்னஞ்சல் வந்திருக்கிறது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 1, வெள்ளி

பார்த்துவிட்டேன்.

152ஆம் இடத்தில் மூன்று எழுத்துகள். டி-டி-சி என்று இருந்தால் பினைல்அலனின். டி-ஏ-சி என்றால் டைரோசின். நடு எழுத்து ஏ. நாலு வண்ணக் கோடுகளில் ஏவைக் குறிக்கும் பச்சை முகடு அந்த இடத்தில் அவ்வளவு சுத்தமாக, ஒற்றையாக நிற்கிறது.

எதுவும் மாறவில்லை. நான் ஓட்டியது பழைய நொதியையேதான். நொதியை வடித்தெடுத்த அன்று கரண்ட் போய் அரை நாள் குளிர் இல்லாமல் வெளியில் கிடந்தது. அதனால்தான் நூறுக்குப் பதில் அறுபது.

எங்கே தவறினேன் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மாற்றிய டிஎன்ஏவைச் செய்த பிறகு, அச்சாக இருந்த பழைய டிஎன்ஏவை வேறொரு நொதி போட்டு ஒரு மணி நேரம் வெட்டி அழிக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் பழையதே வளர்ந்து நிற்கும். மார்ச் ஒன்பதாம் தேதி சித்தி மகளுக்கு நிச்சயதார்த்தம். இரண்டரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டேன். நோட்டில் ஒரு மணி நேரம் என்று எழுதியிருக்கிறேன்.

அந்த ஆறு டியூப்களில் இது இல்லை. இல்லை என்பது ஜூலையிலேயே எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 4, திங்கள்

சாரிடம் சொல்வதற்காக அவர் அறை வரைக்கும் போனேன். உள்ளே யாரோ இருந்தார்கள்.

செப்டம்பர் 7, வியாழன்

சார் ஊரில் இல்லை.

செப்டம்பர் 8, வெள்ளி

சார் ஊரில்தான் இருந்தார். நேற்று நான் எழுதியது சரியில்லை.

செப்டம்பர் 15, வெள்ளி

அக்கா காலையில் வந்ததும் கேட்டார். "மலரு, உன் டியூபக் குடு. அதையே வளத்து, உன் மொறப்படியே ஓட்டிப் பாத்துருவோம்."

கொடுத்தேன். மறுக்க என்ன காரணம் சொல்வது?

செப்டம்பர் 20, புதன்

இதை அப்படியே எழுதிவிட வேண்டும்.

என் டியூபிலிருந்து அக்கா எடுத்த நொதி முழு வேகத்தில் ஓடியது. நூறுக்கு நூறு. அவர் அதை நல்லபடியாக ஐஸிலேயே வைத்திருந்தார், என்னைப் போல வெளியில் போடவில்லை. இரண்டு வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு சாரிடம் போனார். என்னையும் கூப்பிட்டார்கள்.

"பாருங்க," என்றார் சார். "மலரோட டியூப் உங்க கையிலயே ஓடுது. நீங்க செஞ்சதுதான் ஓடல. அப்ப தப்பு எங்க இருக்கு?"

"சார், ஒண்ணே ஒண்ணு. மாத்தினதுக்கப்புறம் அறுபது வரணும்னு பேப்பர்ல இருக்கு. இது நூறு வருது. மாத்தாத என்சைம் மாதிரியே ஓடுது. ரெண்டு டியூபையும் ஒரு தடவ சீக்வென்ஸுக்கு அனுப்பிட்டா..."

"அவதான் பாத்துட்டாளே." சார் என் பக்கம் திரும்பினார். "பாத்தேல்ல?"

அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. தன் வரைபடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தேன் சார்."

ஜூலையில் இதே கேள்விக்கு நான் சொன்ன பதிலுக்கு ஏதாவது சாக்கு சொல்லலாம். இன்றைக்குச் சொன்னதற்கு ஒரு சாக்கும் கிடையாது.

செப்டம்பர் 29, வெள்ளி

அக்காவின் வேலையை நீட்டிக்கவில்லை. 'செயல்முறைத் திறன் போதுமானதாக இல்லை' என்று சார் எழுதியிருந்தாராம். அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சொன்னபோது அவர் குரலில் கோபமே இல்லை.

மேசையைத் துடைத்தார். தன் டியூப்களைப் பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் தேதி எழுதி, பிரிட்ஜில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தார். "தூக்கிப் போட்ராத. யாருக்காவது உதவும்."

"அடுத்து என்ன செய்யப் போறீங்க அக்கா?"

"ஊருல ஒரு ஸ்கூல்ல பயாலஜிக்கு ஆள் கேட்டாங்க. நடந்து போற தூரம்தான். பிள்ளைக்கும் வசதி." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நல்லா வா மலரு" என்று என் தோளைத் தட்டினார்.

அவர் போன பிறகு கழிப்பறையில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எனக்குள் வந்தது நிம்மதி. அதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் வந்தது அதுதான்.

அக்டோபர் 16, திங்கள்

ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முடிந்தது. 152ஆம் இடம்தான் அந்த அத்தியாயம். சார் படித்துவிட்டு, "நல்லா எழுதுற" என்றார்.

அக்டோபர் 25, புதன்

பக்கத்து மேசையில் யாரும் இல்லை. என் பொருள்களை அங்கேயும் பரப்பி வைத்திருந்தேன். இன்று எல்லாவற்றையும் என் பக்கமே எடுத்துவைத்துவிட்டேன்.

நவம்பர் 16, வியாழன்

புனேயிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவர் எழுதியிருக்கிறார். என் பேப்பர் அவருக்கு மிகவும் பிடித்திருக்கிறதாம். இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு நொதியில் டைரோசினை மாற்றினால் செத்துப்போகிறதாம். ஆறு மாதமாக முயன்றும் காரணம் புரியவில்லை, என் டியூபில் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று கேட்கிறார். வந்ததும் சீக்வென்ஸ் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவாராம்.

ஆறு மாதம்! அவரும் தன் கையைத்தான் நொந்துகொண்டிருப்பார்.

நவம்பர் 17, வெள்ளி

சாரிடம் சொல்லிவிட்டேன்.

மனசாட்சி உறுத்தியதால் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் மின்னஞ்சல் வந்தது நேற்று, நான் சொன்னது இன்று. இரண்டரை மாதம் உறுத்திய மனசாட்சிக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டுச் சீக்வென்ஸ் தாளை அவர் முன்னால் வைத்தேன். அவர் முதலில் பார்த்தது தேதியைத்தான்.

"ஆகஸ்ட்டு இருபத்தொம்போதா?"

"ஆமா சார்."

"செப்டம்பர்ல இந்த ரூம்ல நின்னுதான என்கிட்ட பாத்தேன்னு சொன்ன?"

"ஆமா சார்."

தாளைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

"யாருக்கும் தெரியாது சார்."

"முத்துச்செல்வி செஞ்ச டியூப் இருக்குல்ல? அது சரியான மாத்தந்தான? அத புனேக்கு அனுப்பிரு. அவன் பாத்தா டி-டி-சி இருக்கும். ஓடலன்னா அவன் கைன்னு நினைச்சுக்குவான்."

சார் அதை யோசித்துச் சொன்னாரா, வாய்தவறி வந்ததா, தெரியவில்லை. ஆனால் ஒரு கணம் எனக்கு அது நல்ல வழியாகத் தோன்றியது. அந்த ஒரு கணத்தையும் எழுதிவைக்கிறேன்.

"அக்கா தன் கைன்னுதான் சார் நினைச்சாங்க" என்றேன்.

சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நானும் கேக்காம விட்டுட்டேன். ஒரு தடவ அந்தச் சீக்வென்ஸ் கோப்பக் கொண்டான்னு கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். எனக்கு அறுபது பிடிச்சிருந்துச்சு." பிறகு குரல் மாறியது. "வெளிய போ. திங்கக்கிழமை பேசலாம்."

டிசம்பர் 1, வெள்ளி

பேப்பரைத் திரும்பப் பெறும் கடிதம் போய்விட்டது. தவறு முதல் ஆசிரியருடையது என்று என் பெயர் போட்டு எழுதினோம். 'முத்துச்செல்வியின் முடிவுகளே சரியானவை' என்ற வரியைச் சார்தான் சேர்த்தார். என் ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயம் இல்லை. இன்னும் ஒன்றரை வருடம் ஆகலாம். புனே மாணவருக்கு நடந்ததை எழுதினேன். 'நன்றி' என்று மட்டும் பதில் வந்தது.

அப்பாவிடம் சொன்னேன். "சரி" என்றார். இந்த முறை வாசலுக்குப் போனாரா என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 14, வியாழன்

வேலையை மறுபடி கொடுக்கத் தயார் என்று அக்காவுக்குச் சார் கடிதம் போட்டார். அக்காவிடமிருந்து இரண்டு வரி: பள்ளி ஆண்டின் நடுவில் பிள்ளைகளை விட்டுவிட்டு வர முடியாது. சரியான முடிவுகள் வெளியாகும்போது தன் பெயரைப் போட்டால் போதும்.

என்னைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

ஜனவரி 20, 2024, சனி

விருதுநகர் போய்வந்தேன். வருகிறேன் என்று முன்னதாகச் சொல்லவில்லை. வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

அக்காதான் கதவைத் திறந்தார். முகத்தில் ஆச்சரியம்கூட இல்லை. "வா, வெயில்ல வந்திருக்க" என்று உள்ளே கூப்பிட்டார். கட்டில் முழுக்கத் திருப்புதல் தேர்வு விடைத்தாள்கள். அவர் மகள் வாசல்பக்கம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். மார்ச் ஒன்பது, பத்து நிமிடம், ஜூலையில் ஒரு பொய், செப்டம்பரில் எல்லாம் தெரிந்தே இன்னொரு பொய். ரயிலில் வரும்போது நினைத்துவைத்த அழகான வாக்கியம் எதுவும் வாயில் வரவில்லை.

அக்கா முழுதும் கேட்டார்.

"டியூபுல மாத்தம் நடக்காமப் போறது பெரிய விசயமில்ல மலரு. யாருக்கும் நடக்கும். நானும் ஒரு காலத்துல செஞ்சிருக்கேன்." தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கினார். "அந்தப் பத்து வாரம் எப்படி இருந்தேன் தெரியுமா? வீட்டுல குழம்புக்கு உப்புப் போட்டுட்டு, போட்டமான்னு சந்தேகம் வந்து மறுபடி வாயில வச்சுப் பாப்பேன். கதவப் பூட்டிட்டுப் பாதித் தெருவுலேருந்து திரும்பி வந்து பூட்ட இழுத்துப் பாப்பேன். ஒம்போது வருசத்துல என் கை செத்துப்போச்சுன்னே நெனச்சேன். நீ பக்கத்துல நின்னு, பஃபர மாத்துங்க அக்கா, உப்பக் கொறைங்க அக்கான்னு சொல்லிக்கிட்டு இருந்த."

"மன்னிச்..."

"அத இப்பக் கேக்காத."



அப்போது அவர் கணவர் வந்தார். தனுஷ்கோடி அண்ணன், பஸ் டிப்போவில் வேலை. கையில் காய்கறிப் பை. "யாரு?" என்றார்.

"மதுரை லேபுல இருந்த பிள்ளை. உங்ககிட்டயும் சொல்லணும்" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லு. சுருக்கிச் சொல்லாத" என்றார்.

நொதி, டியூப் எல்லாம் அவருக்கு எப்படிப் புரியும் என்று யோசித்தேன். ஆனால் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. டைரோசின் என்று சொன்னதுமே தலையாட்டினார். நான் சொல்லி முடித்தபோது பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, இவ இதத்தான சொன்னா" என்றார். "ஜூலை மாசமே சொன்னா. அந்தப் பிள்ளை டியூபுலதான் என்னமோ தப்பு, அது மாறவே இல்ல, என்னோடதுதான் சரின்னு. நான்தான்..." அவர் அக்காவைப் பார்க்கவில்லை. "இத்தன வருசம் கழிச்சுப் போயிருக்க, அவங்க பேப்பரெல்லாம் போட்டவங்க, நீ எதுத்துப் பேசாத, உன் கைதான் சரியில்லன்னு ஒத்துக்கிட்டுப் போன்னு சொன்னேன். தெனமும் சொன்னேன்."

எனக்கு அது புதிது. தன் கையை அக்கா தானாகவே சந்தேகப்பட்டார் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அவர் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தார். இரண்டு இடத்திலிருந்தும் சேர்ந்து அதை அவர் கையிலிருந்து பிடுங்கியிருக்கிறோம். லேபில் நான், வீட்டில் இவர்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

அக்கா எழுந்தார். அடுக்களைக்குப் போய் இரண்டு தட்டு எடுத்துவந்து தரையில் வைத்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய். தண்ணீர்ச் செம்பை நடுவில் வைத்தார்.

"ரெண்டு பேரும் சாப்பிடுங்க" என்றார்.

"நீ?" என்றார் அண்ணன்.

"எனக்குப் பசிக்கல. நாப்பது பேப்பரு திருத்தணும்."

கட்டிலில் போய் உட்கார்ந்து சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார். நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம்.  அக்கா ஒவ்வொரு தாளாக எடுத்து, படித்து, மதிப்பெண் போட்டார். ஒரே ஒரு தாளில் மட்டும் வெகுநேரம் நின்றார். பக்கத்தைத் திருப்பினார், மறுபடி முன்னால் வந்தார். பிறகு ஏற்கெனவே போட்டிருந்ததை அடித்துவிட்டு, கூட இரண்டு மதிப்பெண் போட்டார்.